பகல் மெல்லக் குறையத் தொடங்கிய கதை

அந்தக் காலத்தில், பறவைகளும் சூரியனும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்தபோது, வெயில்காலத்துக்கு ஒரு நேரம், குளிர்காலத்துக்கு ஒரு நேரம் என்றுதான் பகல் இருந்தது. நடுவில் ஒன்றும் கிடையாது. ஐப்பசி முதல் நாள் வந்ததும் சூரியன் மூன்று நாழிகை முன்னதாகவே மேற்கு மலைக்குப் பின்னால் குதித்துவிடுவார். நேற்று வெளிச்சமாக இருந்த நேரத்தில் இன்று கும்மிருட்டு.

பெரியவர்கள் இரண்டு நாள் கொட்டாவி விட்டுச் சமாளித்தார்கள். குஞ்சுகளால் முடியவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

பூவரச இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்த தையல்சிட்டுக்கு அது தெரியும். போன ஐப்பசியில் அவளுடைய நான்கு குஞ்சுகளும் இருட்டில் தூங்காமல் கீச்சிட்டன. "அடம் பிடிக்காதீர்கள், தூங்குங்கள்!" என்று அதட்டினாள். அதட்ட அதட்டச் சத்தம் கூடியது. அதைக் கேட்டு மரநாய் ஏறிவந்தது. விடிந்தபோது கூட்டில் ஒன்றுகூட இல்லை.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அது அடம் இல்லை. பாவம், அவற்றின் கண்ணுக்குள் இன்னும் பகல் இருந்தது.

இந்த ஆண்டு மூன்று குஞ்சுகள். ஐப்பசிக்கு முதல் நாள் சேவல் வேலிமேல் ஏறி, "நாளை முதல் சீக்கிரம் இருட்டும்! எல்லாரும் சீக்கிரம் தூங்கவும்!" என்று அறிவித்தது.

"ஏன் அண்ணே, நீங்கள் கூவினால் தூக்கம் வந்துவிடுமா?" என்று கேட்டாள் தையல்சிட்டு.

"நான் சொல்கிறவன்தான் தங்கச்சி. முடிவெல்லாம் மேலே."

"அப்படியா? மேலேயே கேட்டுக்கொள்கிறேன்."

அவள் கணவன் பதறிப்போனான். "சூரியனோடா சண்டைக்குப் போகிறாய்? பேசாமல் இரு."

"பேசாமல் இருந்துதான் நாலையும் பறிகொடுத்தோம். இந்த மூன்றையும் பார்த்துக்கொள்."

பருத்திக்காட்டில் ஒரு வாய் பஞ்சை நூலாகத் திரித்து எடுத்துக்கொண்டு மறுநாள் விடியற்காலையிலேயே மேற்கு மலைக்குப் பறந்தாள். மலை உச்சியில் சூரியனின் சிவப்பு மேகப் போர்வை விரிந்து கிடந்தது. அதைப் போர்த்திக்கொண்டுதான் அவர் இறங்குவார். இல்லாவிட்டால் தூக்கம் வராது. தையல்சிட்டு மூக்கால் துளையிட்டு, நூலைக் கோத்து, அந்தப் போர்வையைப் பாறைப்புல்லோடு சேர்த்துத் தைத்துவிட்டாள்.

சாயங்காலம், மூன்று நாழிகை முன்னதாகவே சூரியன் அவசரமாக வந்தார். போர்த்திக்கொண்டு குதிக்கப் பார்த்தார். போர்வை அசையவில்லை.

"யார் செய்த வேலை இது?"

"நான்தான் ஐயா."

"என் கட்டைவிரல் அளவுகூட இல்லை நீ! குளிர்காலமே வரக்கூடாது என்கிறாயா?"

"அப்படிச் சொன்னேனா? ஒரே நாளில் வரக்கூடாது என்கிறேன்."

"எல்லாருக்கும் தானாகப் பழகிவிடும்."

"யாருக்கு? பழகுவதற்குள் என் பிள்ளைகளை மரநாய் தின்றுவிட்டது. குஞ்சு வளர்க்காதவர்கள் கூடி எடுத்த முடிவா இது?"

சூரியன் பிடித்திருந்த போர்வையைக் கீழே விட்டார். தின்றது மரநாய்தான். ஆனால் இருட்டு அவருடையது. யாரும் இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

"என்ன செய்யலாம், சொல்லம்மா," என்றார்.

"நாளுக்கு ஒரு தையல் பிரிக்கிறேன். அந்த அளவுக்கு மட்டும் முன்னதாகப் போங்கள். தை பிறந்ததும் நாளுக்கு ஒரு தையல் போட்டுக்கொண்டே வருகிறேன், அதே அளவுக்குத் தாமதமாகப் போங்கள்."

சூரியன் சரியென்று தலையாட்டிவிட்டு, நேரம் வரும்வரை மலைமேலேயே உட்கார்ந்து காத்திருந்தார். நேற்று இறங்கிய நேரம் நெருங்கியபோது அவள் ஒரு தையலைப் பிரித்தாள். அவர் மெல்ல இறங்கினார்.

அவள் கூட்டுக்குத் திரும்பும்போது மரநாய் பூவரசின் அடியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. மரநாய் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வேறு பக்கம் போனது. உள்ளே எட்டிப்பார்த்தாள். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தன.

அன்று முதல்தான் பகல் ஒரே நாளில் குறையாமலும் கூடாமலும், எந்தக் குழந்தையின் தூக்கமும் கலையாதபடி நாளுக்குக் கொஞ்சமாய் நகர்ந்துகொண்டிருக்கிறது.