தொரை சொன்ன “அனான்”

மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேனேஜர் ஞானாபரணத்தின் வாயில் எப்போதும் பழங்கால இங்கிலீஷ்தான் மணக்கும். கொழுந்து பறிப்பவர்கள் குடியிருந்த பாடியில் குழாய் உடைந்து, பெண்கள் ஓடைக்கும் வீட்டுக்கும் ஏறி இறங்கியே ஓய்ந்துபோனார்கள். சரிசெய்யச் சொல்லிக் கேட்டால் அவருடைய பதில் ஒன்றே ஒன்றுதான்: “அனான்.”

“அப்படின்னா என்ன தொரை?” என்று கேட்டாள் அந்தப் பாடியிலிருந்து வந்து பங்களாவில் வேலை செய்த வெள்ளையம்மா.

“ராஜாக்கள் பேசின வார்த்தை. உடனேன்னு அர்த்தம்.”

மழைக்காலமே போய்விட்டது. ஓடைப் பாறையில் வழுக்கி அவள் மகளுக்குக் கால் ஒடிந்தது. வெள்ளையம்மா மறுபடி போய்க் கேட்டாள்.

“அந்த வார்த்தைக்கு அப்புறம்னும் அர்த்தம் உண்டு. உனக்கெல்லாம் எங்கே புரியப்போகுது?”

பிறகொரு நாள் தோட்டத்து முதலாளி வந்து பங்களாவில் இறங்கினார். “முதலாளிக்குக் குளிக்க வெந்நீர் போடு,” என்று மேனேஜர் அதட்டினார்.

“அனான், தொரை,” என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மா சுவரில் சாய்ந்து நின்றாள்.

“என்னம்மா சொல்றே?” என்றார் முதலாளி.

“தொரையோட வார்த்தைங்க. உடனேன்னும் அர்த்தமாம், அப்புறம்னும் அர்த்தமாம். பாடிக்குத் தண்ணி கேட்டா அப்புறம். பங்களாவுக்கு எந்த அர்த்தம்னு அவரே சொல்லட்டும். ரெண்டு இடத்துக்கும் அதையே வச்சுக்குவோம்.”

“சீக்கிரம் சொல்லுய்யா, நான் குளிக்கணும்,” என்றார் முதலாளி.

“உடனேன்னுதான் அர்த்தம்,” என்று முனகினார் மேனேஜர்.

“அப்ப குழாய் ரிப்பேர்காரரைப் பாடிக்கு அனுப்புங்க தொரை. அவரு சுத்தியல் சத்தம் கேட்டதும் அடுப்பைப் பத்த வைக்கிறேன்.”