கக்குவானை மடக்கிய கழுதை

அந்தக் காலத்தில் விலங்குகளும் நோய்களும் மனிதரோடு நின்று பேசும். கழுதையும் மெல்லப் பேசும், கத்தத்தான் தெரியாது. கக்குவான் இருமலுக்கோ காலநேரமே கிடையாது. தை என்றும் ஆடி என்றும் பாராமல் பன்னிரண்டு மாதமும் வீடு வீடாக ஏறும். அது தொட்ட பிள்ளை விடாமல் இருமி, முகம் நீலம் பாரித்து, 'ஹூப்' என்று மூச்சை உள்ளே இழுக்கும். சில பிள்ளைகள் இழுக்காமலே போய்விடும், பாவம்.

உப்பளக்கரையில் கழுதைமேல் உப்பேற்றிப் பிழைத்த பூவாயி வாசலில் ஒருநாள் கக்குவான் வந்து நின்றது. உள்ளே தூளியில் நாற்பது நாள் குழந்தை.

"வழிய விடு, தாயீ."

பூவாயி நகரவில்லை. "உன்னய மிஞ்சின ஆளு இருந்தா திரும்பிப் போயிருவியா?"

கக்குவானுக்குச் சிரிப்பு வந்தது. "விடாம சத்தம் போடுறதுல என்னய மிஞ்ச ஆளா? மூணு நாள் தர்றேன், கூட்டியா. நான் தோத்தா நீ சொல்றதுதான் சட்டம்."

பூவாயி போய்க் கேட்டதற்குச் சேவல் மாட்டேன் என்றது. நாய் படலுக்கடியில் ஒளிந்தது. பூவாயியின் கழுதைதான், "நான் நிக்கிறேன் ஆத்தா. பொதி சுமக்கிறவளுக்கு மூச்சோட அருமை தெரியும்" என்றது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே! மூன்று நாளும் அது இருமும் பிள்ளைகளின் வீட்டோரம் நின்று கேட்டது. இருமல் வெளியே போகிறது, 'ஹூப்' உள்ளே போகிறது. மூச்சை இழுக்கும்போதும் சத்தம் வரும் என்றால், நிறுத்தவே வேண்டாமே!

நாலாம் நாள் உப்பு மேட்டில் போட்டி. கக்குவான் நூறு இருமல் இருமி, ஒரு 'ஹூப்' போட்டு, துவண்டு உட்கார்ந்தது. கழுதை உள்ளே இழுத்தும் கத்தியது, வெளியே விட்டும் கத்தியது. பொழுது உச்சிக்கு ஏறியும் நிறுத்தவில்லை. ஊர் குலவையிட்டது!

"அடியோட விரட்டிராத தாயீ" என்று காலில் விழுந்தது கக்குவான்.

விரட்டினால் திருட்டுத்தனமாக எப்போது வருமோ என்று யோசித்தாள் பூவாயி. "கோடை கழிஞ்சு காத்து மாறுற மாசங்கள்ல மட்டும் வா. நாங்க தூளிய உள்ள கட்டி, இருமுறவங்கள எட்ட நிறுத்தி, தயாரா இருப்போம். வந்து பாரு!"

அன்றைக்கு அடங்கியதுதான் கக்குவான். இன்றும் தன் மாதம் பார்த்தே தலைநீட்டுகிறது, தாய்மார்களும் முந்திக்கொள்கிறார்கள். கழுதைக்கு மட்டும் பழைய குரல் திரும்பவில்லை. அது கத்தினால் காதைப் பொத்தாதீர்கள், ஜெயித்தவள் போடும் சத்தம் அது.