மலையைப் பிடித்த உடும்பு

கடல் நடுவே ஒரு சின்னத் தீவு. அதில் மூக்கன் என்றோர் உடும்பும், குட்டியோடு ஓர் ஆடும், ஒரு காட்டுப்பன்றியும், ஒரு சிவப்பு நண்டும் வாழ்ந்தன. தீவின் நடுவே மலை. மலையடியில் ஒரு சுனை. சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருந்து என்ன? எல்லாம் உப்பு. குடிப்பதற்கு அந்தச் சுனை ஒன்றுதான்.

மூக்கன் எதையாவது பிடித்தால் விடாது. பேச ஆரம்பித்தாலும் விடாது.

ஒரு கோடையில் சூறாவளி அடித்தது. மலைச்சரிவில் இருந்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. மிஞ்சிய புல்லை ஆடு மேய்ந்தது. கிழங்கு தேடிப் பன்றி மண்ணைக் கிளறியது. சரிவு மொட்டையானது. சிறு தூறல் விழுந்தாலும் சுனை கலங்கியது.

நண்டு எல்லோரையும் கூப்பிட்டது.

"தண்ணீரில் சேற்று வாடை அடிக்கிறது. பெருமழை வருவதற்குள் சரிவின் குறுக்கே வரிசை வரிசையாக வெட்டிவேர்ப் புல் நடுவோம். நடுநடுவே கல் அடுக்குவோம். எல்லோரும் சேர்ந்தால் முடித்துவிடலாம்!"

"வெயில் கொளுத்துகிறதே, அக்கா!" என்றது ஆடு.

"எனக்கு இடுப்பு வலி!" என்றது பன்றி.

மூக்கன் ஒரு பாறைமேல் ஏறி நின்றது.

"புல்லை நம்பியா மலை நிற்கிறது? நான் எதற்கு இருக்கிறேன்? மழை வரட்டும். சரிவை நானே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். என் பிடி உடும்புப் பிடி!"

"ஆகா, கவலை விட்டது!" என்று ஆடு நிழலுக்குப் போனது. பன்றியின் இடுப்பு வலியும் அந்த நொடியே தீர்ந்துவிட்டது.

"மலையை ஓர் ஆள் பிடிக்க முடியுமா, அண்ணே?" என்று நண்டு கேட்டது.

"பார்க்கத்தானே போகிறாய், தங்கச்சி!"

நண்டு தனியாகவே சில நாற்றுகளை நட்டது. மறுநாள் ஒன்றுகூட இல்லை.

"கோபித்துக்கொள்ளாதே, அக்கா! வாய்க்கு நேராக இருந்தது!" என்றது ஆடு.

ஐப்பசியில் மழை கொட்டியது. மூக்கன் சரிவில் குப்புறப் படுத்து, நான்கு கால் நகங்களும் புதைய மண்ணைப் பற்றியது.

"அசையாதே!" என்று மலைக்குக் கட்டளை போட்டது.

மலைக்குக் காது கேட்கவில்லை. மண் மெல்ல நகர்ந்தது. மூக்கன் இன்னும் இறுக்கியது. பிறகு 'திடும்' என்று ஒரு சத்தம். சரிவும் மூக்கனும் சேர்ந்தே கீழே வந்தார்கள்.

மழை விட்டதும் மற்றவை ஓடி வந்தன. சேற்றுக்கு வெளியே ஒரு வால் மட்டும் தெரிந்தது. பன்றி அதைக் கவ்வி இழுத்தது. மூக்கன் வெளியே வந்தது. முன்னங்கால் இரண்டிலும் இறுக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு மண்ணாங்கட்டி!

"அண்ணே, உயிர் இருக்கிறதா?" என்று நண்டு பதறியது.

மூக்கன் சேற்றைத் துப்பியது. "இருக்கிறது. நான் பிடியை விடவே இல்லை, தங்கச்சி! மலைதான் என்னை விட்டுவிட்டது!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது ஆட்டுக்குட்டி, "அம்மா, தண்ணீர்!" என்று கத்தியது. திரும்பிப் பார்த்தால், சுனையைக் காணோம். அது இருந்த இடத்தில் சேறு மேடு தட்டியிருந்தது. சிரிப்பு நின்றது.

மூக்கன் தலை குனிந்தது. "என்னை நம்பித்தானே எல்லோரும் சும்மா இருந்தீர்கள்? எனக்கு உடம்பு ஒரு முழம், வாய் ஒரு மைல்!"

"நீ மட்டுமா, அண்ணே? மலைக்கு மொட்டை போட்டதே நான்தான்!" என்றது ஆடு.

"உன் பிடி பொய் என்றால், என் இடுப்பு வலியும் பொய்தான்!" என்றது பன்றி.

பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரை முதலில் குட்டிக்குக் கொடுத்தார்கள். மீதியை நாக்கு நனைய மட்டும் பங்கிட்டுக்கொண்டார்கள். இரவு பகலாகச் சேற்றை வாரி, ஒருவழியாக ஊற்றைத் திறந்தார்கள். அப்புறம் சரிவுக்குப் போனார்கள்.

"எனக்கு என்ன வேலை?" என்று மூக்கன் கேட்டது.

"நீ மலையைப் பிடிக்காமல் இருந்தாலே போதும்!" என்றது பன்றி.

அதற்கு மூக்கன்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது. சிரித்துக்கொண்டே நகத்தால் குழி தோண்டியது. நண்டு நாற்றை ஊன்றியது. பன்றி முகத்தால் கல் உருட்டியது. கஷ்டமான வேலை ஆட்டுக்குத்தான்: நாற்றை வாயில் கவ்வி வரவேண்டும், மெல்லக் கூடாது! அதன் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஒரே ஒரு கடி?"

"கூடாது!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

அடுத்த மழைக்காலம் வந்தது. கொட்டும் மழையில் எல்லோரும் சரிவில் காவல் நின்றார்கள். ஓரத்தில் ஒரு கல்வரிசை உடைந்தது. அடுத்தவர் செய்யட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. பன்றி கல்லை உருட்டியது, ஆடு புல்கட்டைக் கொண்டுவந்தது, நண்டும் மூக்கனும் உடைப்பை அடைத்தார்கள். தண்ணீர் வரிசைக்கு வரிசை தயங்கித் தயங்கி இறங்கியது. மண் தங்கியது.

காலையில் சுனை லேசாகக் கலங்கியிருந்தது. மதியத்துக்குள் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. நால்வரும் குட்டியோடு குனிந்து வயிறு முட்டக் குடித்தார்கள்.

ஊருக்கே வரும் ஆபத்தை ஒருவரின் வாய்ப்பேச்சை நம்பி விட்டுவிடக் கூடாது. எல்லோரும் இறங்கி வேலை செய்தால்தான் அதைத் தடுக்க முடியும்.