நாரை வைத்த புள்ளி

அந்தக் காலத்தில் நாரைகள் பேசின; ஊர்விட்டு ஊர் ஓலையும் கொண்டுபோயின. ஓலையில் உள்ள சேதியை மட்டும் அவை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஓலையில் எழுத்துகள் எறும்புச் சாரைபோல இடைவெளியில்லாமல் ஓடும். ஆற்றங்கரை ஊரொன்றில் அவற்றை வாசித்துச் சொல்கிறவன் மாசாணம். நடுவில் நிற்காமல் வாசிக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டு. நின்றால், சொந்தச் சரக்கைச் சேர்க்கிறான் என்பார்கள். மூன்று முறைக்கு மேல் வாசிக்கவும் கூடாது. அதன்பின் ஓலையை ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

ஒரு நாள் காலை வடிவாயிக்கு ஓலை வந்தது. சங்கு குளிக்கப் போன அவள் புருஷனிடமிருந்து ஈராண்டாகத் தகவலே இல்லை. மாசாணம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரே ஓட்டமாக வாசித்தான். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. கடைசியில் இருமல் வந்து அவன் கண்கள் பிதுங்கின.

“அண்ணே, அவரு நல்லா இருக்காரா? அதையாவது சொல்லுங்க.”

வாசித்தவனுக்கே தெரியவில்லை. இன்னும் ஒரு முறைதான் பாக்கி.

ஓலை கொண்டுவந்த நாரை பக்கத்தில் நின்றிருந்தது. “ஏன்யா, நாய் துரத்துற மாதிரி ஓடுற? இவங்க வீட்டுக்காரரு கொஞ்சம் சொல்லுவாரு, நிப்பாரு, கடலைப் பாப்பாரு. எழுதுறவன் எழுத்தாணியும் அங்கங்க நின்னுச்சு. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“எங்கெங்க? காட்டு.”

“அலகாலதான் காட்டணும். ஓட்டை விழுமே.”

எழுதிய ஓலையைக் காயப்படுத்தியவனுக்கு ஊரில் இடமில்லை. மாசாணம் வடிவாயியின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஓலையை நாரையின் முன் நீட்டினான். நான்கு கொத்து, நான்கு துளை.

“ஐயையோ, ஓலையைக் குத்திப்புட்டான்!” என்று கூட்டம் இரைந்தது.

அவன் வாசிக்கத் தொடங்கினான். ‘உயிரோடு இருக்கிறேன்.’ நின்றான். மூச்சு விட்டான்.

“பாத்தீங்களா, சரக்கு சேக்க யோசிக்கிறான்!” என்றார் ஒரு பெரியவர்.

மாசாணம் ஓலையை வெயிலுக்கு நேரே பிடித்தான். துளை வழியே வந்த வெளிச்சம் பெரியவரின் மூக்கில் விழுந்தது. “யோசனை என்னோடது இல்ல மாமா. சொன்னவரு நின்ன இடம் இது.”

‘ஒரு காலைச் சுறா கொண்டுபோய்விட்டது.’ நின்றான். இரைச்சலும் நின்றது. ‘உனக்குச் சம்மதமென்றால் வருகிறேன்.’ நின்றான். ‘இல்லையென்றாலும் உன்மேல் வருத்தமில்லை.’

வடிவாயி அழுதுகொண்டே சிரித்தாள். “அவரேதான்! இப்படித்தான் நிறுத்தி நிறுத்தி நம்ம உசிர வாங்குவாரு. நாரையாரே, உடனே கிளம்பி வரச் சொல்லுங்க.”

அவள் ஓலையை ஆற்றில் விடவில்லை, மடியில் செருகிக்கொண்டாள். அவளையோ மாசாணத்தையோ யாரும் தட்டிக்கேட்கவில்லை. ஓலை வாசித்த பிறகும் நெஞ்சில் மூச்சு மிச்சமிருந்தது மாசாணத்துக்கு அதுதான் முதல் தடவை.

“உனக்கு நான் என்ன தரட்டும்?” என்று நாரையைக் கேட்டான்.

“மீன் ஆத்துல இருக்கு. நான் கொத்துன இடத்துல மட்டும் நிதானமா நில்லு, போதும்.”

அன்று முதல்தான், எழுதுகிறவர்கள் பேச்சு நிற்கும் இடத்தில் அலகு பட்டதுபோல் ஒரு புள்ளி வைக்கிறார்கள். வாசிக்கிறவர்கள் அதை வாயால் சொல்லாமல், அதற்கென்று ஒரு மூச்சைக் கொடுத்துவிட்டு நகர்கிறார்கள்.