பழைய ஓட்டின் மேல் புதுப் பளிங்கு

எத்தனையோ தலைமுறைக்கு முன்னே, பாலிமங்கலம் என்ற சீமையை நரசிங்கபூபதி என்றொரு ராசா ஆண்டுவந்தார். காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவார். மாற்றியதைச் சாயங்காலம் மறந்துவிடுவார். கோபத்தை மட்டும் மறக்கமாட்டார்.

அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணமேடை சபா மண்டபத்தின் நடுவில் என்று முடிவாயிற்று. அங்கே பாட்டனார் காலத்தில் பதித்த சுட்ட ஓட்டுத் தரை நிறம் மங்கிக் கிடந்தது. புதுப் பளிங்குக் கல் வந்து இறங்கிவிட்டது. பழைய ஓட்டைப் பெயர்த்துவிட்டுப் பதிப்பதா, அதன் மேலேயே பதிப்பதா என்று கேள்வி வந்தது.

கொத்தனார் வெள்ளையன் மண்டபம் முழுக்கத் தட்டிப் பார்த்தான். "பெயர்த்துத்தான் ஆகணும், மகாராசா. ஓரமெல்லாம் உறுதியா இருக்கு. நடுவிலே சத்தம் சரியில்லை. அடியிலே மண்ணே இல்லாத மாதிரி கேக்குது" என்றான்.

அரண்மனைக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அம்பலநாதர் விருட்டென்று எழுந்தார். "கேட்டீர்களா, பிரபு? உங்கள் பாட்டனார் போட்ட தரை ஓட்டைத் தரையாம்! வேலையை இழுத்தடிக்க இவன் கட்டும் கதை. மேலேயே பதித்தால் எட்டே நாளில் முடியும்."

பாட்டனாரைக் குறை சொன்னால் ராசாவுக்குக் கண் மண் தெரியாது. "என் குலத்தைப் பழிக்கிறாயா? நாளை உச்சிப்பொழுதில் இவன் வலது கட்டைவிரலை வெட்டுங்கள்!" என்று கத்தினார். வெள்ளையனைச் சிறையில் அடைத்தார்கள்.

கட்டைவிரல் இல்லாதவன் கொத்துக்கரண்டியைப் பிடிப்பது எப்படி? அவன் மனைவி காத்தாயி, கூடவே சுண்ணாம்பு இடித்து வேலை செய்கிறவள். மறுநாள் காலையில் கையைக்கூடக் கழுவாமல் சபைக்குள் வந்து விழுந்து கும்பிட்டாள்.

"மகாராசா, ஒரே ஒரு ஓட்டைப் பெயர்த்துப் பாருங்க. எம் புருசன் சொன்னது பொய்யா இருந்தா என் விரலையும் சேர்த்து எடுத்துக்குங்க."

"பாட்டனார் பதித்த ஓட்டில் கீறல்கூட விழக் கூடாது!" என்றார் ராசா. "பெயர்க்காமல் நிரூபிக்க முடியுமா? உச்சிப்பொழுது வரைக்கும் நேரம் தருகிறேன்."

வாசலில் வெயில் படிக்கட்டு படிக்கட்டாக ஏறிக்கொண்டிருந்தது. பெயர்க்காமல் எப்படிக் காட்டுவது என்று காத்தாயி யோசித்தாள். அப்போது ராசா எதற்கோ அம்பலநாதரை அருகில் அழைத்தார். அவர் நேராக வரவில்லை. தூண்களை ஒட்டி, சுவரோரமாகவே சுற்றிக்கொண்டு போனார். எட்டு நாளாக அவள் இந்த மண்டபத்தில் சுவர் பூசுகிறாள். இந்த மனுசர் ஒருநாளாவது நடுவில் கால் வைத்தாரா? இல்லை!

"மகாராசா, ஓட்டைத் தொட வேணாம். அதிகாரி ஐயா வாசலிலிருந்து உங்க சிம்மாசனம் வரைக்கும், நட்டநடுவிலே நேரா நடந்து வரட்டும். அது போதும்."

ராசா சிரித்துவிட்டார். "இவ்வளவுதானா? நடந்து வாரும், அம்பலநாதரே!"

"பிரபு... இரண்டு நாளாக முழங்கால் வலி..."

"ஐயோ பாவம்! அப்ப பல்லக்கிலே வரட்டும், மகாராசா" என்றாள் காத்தாயி. "தூக்குற எட்டுப் பேருக்கு முன்னாடி நானே நடக்கிறேன். விழுந்தா முதல்லே நான் விழுறேன்."

ராசாவுக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. பல்லக்கு வந்தது. அதிகாரியை ஏற்றி உட்காரவைத்தார்கள். காத்தாயி வெறுங்காலோடு முன்னே நடந்தாள். இருபது அடி. முப்பது அடி. பின்னால் பதினாறு கால்கள் ஒன்றாக விழ, தரை 'தொம்... தொம்...' என்றது. பாதத்தின் கீழே ஓடு லேசாக அதிர்வதை அவள் உணர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நிறுத்துங்கடா! நிறுத்துங்க! உள்ளே போயிடுவோம்!"

அம்பலநாதர் பல்லக்கிலிருந்து குதித்தார். தூணை நோக்கி ஓடி, அதைக் கட்டிக்கொண்டார்.

ராசாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. "எதற்குள்ளே போவோம்?" என்று மெல்லக் கேட்டார்.

உண்மை வெளியே வந்தது. ராணியின் தாமரைக் குளத்திலிருந்து வரும் நீர்க்கால் மண்டபத்துக்கு அடியில் ஓடியது. மூன்று வருசத்துக்கு முன்பு அது உடைந்து மண்ணை அரித்துவிட்டது. அதைச் செப்பனிடாமல், ராசாவின் கோபத்துக்குப் பயந்து, அமிழ்ந்த ஓடுகளை மட்டும் தூக்கி, அடியில் மூங்கில் பரப்பிச் சரிசெய்து மூடிவிட்டார் அதிகாரி.

ராசா தம் கையாலேயே கடப்பாரையை வாங்கி முதல் ஓட்டைப் பெயர்த்தார். மூங்கில் இடுக்கில் ஆள் உயரப் பள்ளம் தெரிந்தது. அதற்குள் தண்ணீர் கருப்பாக நெளிந்தது. இதன் மேல் பளிங்கையும் ஏற்றி, மகளையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்திருந்தால்? கடப்பாரை அவர் கையிலிருந்து நழுவியது.

வெள்ளையனை விடுவித்துக் கூட்டிவந்தார்கள். "ஓரம் உறுதி என்றாயே, அதை விட்டுவிடலாமா?" என்று கேட்டார் ராசா. இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது.

"பாதிக்கு எடுத்துப் பாதிக்கு விட்டா தரை மேடும் பள்ளமுமாப் போயிடும், மகாராசா. மொத்தமா எடுத்துடலாம்."

"எடு. முகூர்த்தத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறேன்."

ராசா தம் பொற்கடகத்தைக் கழற்றிக் காத்தாயியிடம் கொடுத்தார். அரண்மனையில் இனி எந்தக் கட்டடத்துக்கும் வெள்ளையன் சொல்தான் முடிவு என்றார். அம்பலநாதர் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, பெயர்த்த ஓடுகளைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்தார். கூடையை நிரப்பி ஏற்றிவிட்டது காத்தாயிதான்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வெள்ளையன் கேட்டான்: "ஏ புள்ளே, அந்த ஆளு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசாம உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

காத்தாயி நின்றுவிட்டாள். தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். அவை அப்போதுதான் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கின.