தேரிக்காட்டுப் பகல்

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் மணலில் நின்றுவிட்டு வரவேண்டும். வேண்டாம், பாவம், உட்காருங்கள். நான் நின்றிருக்கிறேன், அது போதும்.

எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குலதெய்வமான சாத்தா கோயிலுக்குப் போவது வழக்கம். வேன் பிடித்துப் போகிறவர்கள் போவார்கள். நாங்கள் ஒரு கூட்டம் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு உலகம்மையோடு நடந்து போவோம். வழியில் தேரிக்காடு. கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு மணல், ஊடே பனையும் உடைமரமும், வேறொன்றும் கிடையாது. காலையிலும் சாயங்காலமும் நடை. வெயில் ஏறிவிட்டால் நின்ற இடத்தில் தங்கல். ஏழெட்டு வேட்டிகளை முடிச்சுப் போட்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, அதன் அடியில் கிடப்போம். நாலு பக்கமும் திறந்துதான் கிடக்கும்.

உலகம்மைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தையல் மெஷின் மிதித்துப் பிழைக்கிறவள். காவி கிடையாது, மடம் கிடையாது, ஆசீர்வாதம்கூடக் கிடையாது. சாயங்காலம் அவள் வீட்டில் போய் உட்காருவோம். கேட்டால் பதில் சொல்வாள், சில நேரம் சொல்லவும் மாட்டாள். எங்களுக்கு அவள் அம்மை.

அவளுடைய சீடர்களில் மூத்தவர் பொன்னுலிங்கம். அவளைவிடப் பதினைந்து வயது கூடுதல், ஊரில் பெரிய பலசரக்குக் கடை. அவர் அவளை அம்மை என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், அவர்களுக்கு வராது.

மூன்று வருஷம் முந்தி அவருக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் நடந்தது. அவர் எழுந்து வந்தால் சாத்தா கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டவள் அவர் மனைவி கனகமணி. மனுஷன் நல்லபடியாக எழுந்துவிட்டார். ஆனால் ஆபரேஷனுக்குச் சிரித்துக்கொண்டே போனவர், வீட்டுக்கு வந்தபிறகு கதவு படாரென்று சாத்தினால் நடுங்கினார். தன்னை நினைத்து இல்லை. தனக்காக நேர்ந்து, தனக்காக நடந்து, அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? இதுதான் ராப்பகலாக அவருக்கு. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது சாக்குச் சொல்லி நேர்ச்சையைத் தள்ளிப் போட்டார். இந்த வருஷம் கனகமணி கேட்கவில்லை, காப்பைக் கட்டிக்கொண்டுவிட்டாள்.

தேரிக்குள் நுழைந்த அன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"இந்த வெயில்ல உடம்பக் குளுமையா வச்சிக்கிட என்ன வழி?"

"யாரு உடம்ப?"

"அவ உடம்பத்தான்."

உலகம்மை குனிந்தாள். ஒரு மரத்தடியில் மேல் மணலைக் கையால் ஒதுக்கிவிட்டு, அடியில் கிடந்த ஈர மணலில் பாதத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். அவளுடைய பதில் அது.

பொன்னுலிங்கம் என்ன செய்தார் தெரியுமா? தங்கல் போட்டதும் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, கனகமணியை உட்காரவைத்து, இரண்டு காலையும் மணல் போட்டு மூடிவிட்டார்.

"அம்மை, பாத்தீங்களா? இவரு என்னைய உசுரோட புதைக்காரு," என்றாள் கனகமணி. எல்லோரும் சிரித்தோம். அவளும்தான் சிரித்தாள். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற பொம்பளை.

"சிரிக்காதளா. வாயத் தொறந்தா அனல் உள்ள போவும்."

குழி மட்டும் என்றால் பரவாயில்லை. உச்சந்தலையில் விளக்கெண்ணெய், தொப்புளில் விளக்கெண்ணெய், உள்ளங்காலில் விளக்கெண்ணெய். மடியில் சின்ன வெங்காயம். வாயில் ஊறவைத்த வெந்தயம். வேர்வை ஒரு சொட்டு எட்டிப் பார்த்தால் போதும், சத்து போய்விடும் என்று துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்துவிடுவார். அவள் உடம்பு வேர்ப்பதற்கே அவரிடம் அனுமதி வாங்கவேண்டியதாயிற்று.

"என்னைய எண்ணெயில போட்டு ஊறுகா ஆக்கிட்டாரு," என்று கனகமணி என் காதில் சொன்னாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. பனையின் நிழல் பனைக்கே காணாது என்கிற நேரம். மணல் கண்ணைக் கூசவைத்தது. அப்போதுதான் பொன்னுலிங்கம் தன் பையிலிருந்து அதை எடுத்தார். பெங்களூரில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய கூடாரம். நீல நிறம், கம்பி விரித்தால் தானே எழுந்து நிற்கும், வாசலுக்கு ஜிப்.

"உள்ள போளா."

"எல்லாரும் இங்கதான கெடக்காங்க. நானும் இங்கயே கெடக்கேனே."

"எல்லாரும் மாதிரியா நீ? போன்னா போ."

அவள் உலகம்மையைப் பார்த்தாள். உலகம்மை முந்தானையை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு ஏற்கனவே தூங்கிப் போயிருந்தாள். கனகமணி குனிந்து உள்ளே போனாள். அவர் ஜிப்பைத் தரைவரை இழுத்தார். ஓரங்களில் இடைவெளி தெரிந்த இடமெல்லாம் மணலை அள்ளிப் போட்டு அடைத்தார். பிறகு கூடாரத்தின்மேல் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் காவலுக்கு நின்றார். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவருக்கு வெளிச்சமும் பேயாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. "இந்தாங்க, இத்துனூண்டு தொறந்து வைங்களேன்."

"அனல் காத்து வரும்ளா."

"சரி."

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. "காத்தே இல்லங்க."

"கொஞ்சம் பொறு. வெயில் தாழட்டும். ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இருக்கமாட்டேன், தெரியும்லா?"

அதற்குப் பிறகு குரல் வரவில்லை. அவருக்கு அது நிம்மதியாக இருந்தது. "அவ தூங்குதா, பாவம்," என்று எங்களிடம் சொன்னார். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே நாம் என்ன சொல்ல என்று நாங்களும் கண்ணை மூடிக்கொண்டோம்.

உலகம்மை எழுந்து உட்கார்ந்தாள்.

"மதினி எங்க?"

"உள்ள. வெயில் படாம பாத்துக்கிட்டேன் அம்மை."

"பேசினாளா?"

"தூங்குதா."

உலகம்மை எழுந்த வேகத்தில் தலைக்கு மேல் கட்டியிருந்த வேட்டி அவிழ்ந்து விழுந்தது. அவள் ஓடி நான் பார்த்ததில்லை. போய் ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. இரண்டு கையாலும் பிடித்து, தையல்காரி கிழிக்கிற மாதிரி, ஒரே கிழியாகக் கிழித்துவிட்டாள்.

உள்ளிருந்து வந்த சூடு அடுப்பு வாயைத் திறந்தது மாதிரி எங்கள் முகத்தில் அடித்தது. கனகமணி ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. உடம்பில் ஈரமே இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. "கடைய அடச்சாச்சா... கடைய அடச்சாச்சா..." என்று முனகிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ! கனகு! ஏளா கனகு!" பொன்னுலிங்கம் தலையிலும் நெஞ்சிலும் அடித்துக்கொண்டார். எங்களுக்கு யாரைப் பிடிப்பது என்றே தெரியவில்லை.

ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கி மர நிழலில் கிடத்தினோம். உலகம்மை ஒருவனை ரோட்டுக்கு ஓடவிட்டாள். எங்கள் சாமான் ஏற்றி வந்த லோடு ஆட்டோ மணலுக்குள் வராது, ரோட்டோரம் நின்றது. பிறகு கனகமணியின் சேலையைத் தளர்த்தினாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அப்படியே கனகமணியின் தலையிலிருந்து கால்வரை ஊற்றினாள்.

"வாயில கொஞ்சம் ஊத்துங்க அம்மை!"

"நெனவு வராம வாயில ஊத்தக்கூடாது. இந்தாங்க, வீசுங்க." ஒரு பனை ஓலையை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் பேய் பிடித்தவர் மாதிரி வீசினார். வீசிக்கொண்டே அவள் முகத்துக்கு மேல் கவிழ்ந்தார். "கனகு, என்னையப் பாரு. கனகு, பேசு. அம்மை, பொழச்சிருவாளா? சொல்லுங்க அம்மை, பொழச்சிருவாளா?"

"அண்ணாச்சி."

"சொல்லுங்க."

"தள்ளி உக்காருங்க. நீங்க வீசுத காத்து உங்க முதுகுலதான் படுது."

அவர் ஓலையைப் பிடித்தபடியே பின்னுக்கு நகர்ந்தார். அங்கிருந்தே வீசினார். இரண்டாவது குடத்தையும் ஊற்றினோம். எங்கள் யாருக்கும் குடிக்கத் தண்ணீர் மிச்சமில்லை, அன்றைக்கு அதை யாரும் நினைக்கவும் இல்லை.

ரோட்டுவரை வேட்டியில் ஏந்தித் தூக்கிக்கொண்டு போனோம். போகும்போது பொன்னுலிங்கம் ஒரு கவலை சொன்னார் பாருங்கள். காப்புக் கட்டினவள் பாதியில் திரும்பினால் தெய்வக் குத்தமாயிற்றே என்றார்.

"சாத்தா உங்கள மாதிரி இல்ல அண்ணாச்சி," என்றாள் உலகம்மை. "ஆட்டோவுல ஏறுங்க."

ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். பொன்னுலிங்கம் கதவுக்கும் சுவருக்குமாக நடந்தார். ஒரு நர்ஸ் வெளியே வந்தால் அவள் முகத்தைப் பார்ப்பார், அடுத்த நர்ஸ் வந்தால் அவள் முகத்தைப் பார்ப்பார். அவருக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு டாக்டர் வந்தார். கண் விழித்துவிட்டாள், பயமில்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். ஒரு வாரத்துக்கு வெயிலில் இறங்கக்கூடாதாம். வேண்டுமானால் வண்டியில் போய் சாமி கும்பிட்டுக்கொள்ளட்டும் என்றார்.

பொன்னுலிங்கம் உள்ளே போனார். உலகம்மையும் நானும் கூடப் போனோம்.

கனகமணி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். உதடு வெடித்திருந்தது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல், போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா... நான் வெளியதான நின்னேன். ரெண்டடி தூரம். உள்ள அப்படி இருந்திச்சின்னா என்னையக் கூப்பிடவேண்டியதுதான? ஜிப்ப நீயே தொறந்திருக்கலாம்லா?"

"தொறந்தா நீங்க பதறுவீங்க."

"பதறினா என்ன?"

"பதறினா உங்க நெஞ்சு என்னத்துக்கு ஆவும்? டாக்டர் அன்னைக்கே சொன்னாருலா, இவருக்குப் பதட்டம் ஆவாதுன்னு." அவள் மூச்சு வாங்கினாள். "அதான் கெடந்து பாத்தேன். மூணு வருசமா எனக்கு அதான சோலி."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அரிசி களைந்தேன், பாத்திரம் தேய்த்தேன் என்பது போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பொன்னுலிங்கம் எழுந்து வெளியே வந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். உலகம்மை அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு வேப்பமரம், அதன் அடியில் யாரோ குடும்பத்தோடு சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"அம்மை."

"சொல்லுங்க."

"தப்பு எங்க நடந்திச்சின்னு எனக்கு விளங்கல. விளக்கெண்ணெய் போட்டேன். ஈர மண்ணுல அவ கால வச்சேன். ஒரு சொட்டு வெயில் அவமேல படவிடல. எம்மேல பட்டுது, அவமேல படல. நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன்."

"அப்பொறமும் அந்தப் பாவி வெயில் அவளக் கொல்லப் பாத்துட்டுதே அம்மை. அவள மட்டும் தேடிப் பிடிச்சி..." அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

உலகம்மை அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, நாங்க இத்தன பேரும் அந்த வெயில்லதான கெடந்தோம்?"