யானைக் காலுக்குள் போன மெத்தை

அந்தக் காலத்தில் யானை நடந்தால் அடுத்த மலைக்குக் கேட்கும். அதன் குதிகாலில் அப்போது தோலும் எலும்பும்தான். தொம் தொம் என்று ஒவ்வொரு அடிக்கும் காடு ஒரு முறை குலுங்கி அடங்கும். மிருகமும் பறவையும் ஒரே மொழி பேசிய காலம்தான் அது. ஆனாலும் யானை போகும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. பேச்சைப் பாதியில் நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

அப்படி ஒரு யானைக் கூட்டத்துக்கு மாரக்காள் தலைவி. எந்த மாதத்தில் எங்கே தண்ணீர் இருக்கும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கோடையில் அவர்கள் குடித்துவந்த குட்டை வற்றத் தொடங்கியது. பாறை மேட்டைத் தாண்டினால் ஆறு. இரண்டு நாள் நடை. வழி தெரிந்த மாரக்காளுக்கோ நான்கு காலிலும் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது சுரீர் என்று தொடை வரைக்கும் ஏறும்.

நடக்க முடியாதவளை விட்டுவிட்டு யானைகள் போவதில்லை. அதனால் மொத்தக் கூட்டமும் குட்டையைச் சுற்றியே நின்றது. கடைசிக் குட்டி தும்பிக்கையை விட்டு உறிஞ்சினால் பாதி சேறுதான் வந்தது.

தங்கைகள் வைத்தியத்தில் இறங்கினார்கள். பெரிய வலிக்குப் பெரிய மருந்து என்பது யானைக் கணக்கு. ஒருத்தி ஒரு தேக்கு மரத்தின் பட்டையையே உரித்து வந்து காலடியில் போட்டாள். இன்னொருத்தி ஒரு பலகைக் கல்லை அரை நாளாக உருட்டி வந்தாள். மாரக்காள் அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள். வலி இரண்டு மடங்கானது. அவர்கள் மனசு நோகக் கூடாதே என்று, "இப்பத் தேவலை" என்று சொல்லிவிட்டு மெல்ல இறங்கிக்கொண்டாள்.

குட்டைக் கரையில் ஒரு செடி. அதில் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த கூட்டில் ஒரு தையல்சிட்டு மூன்று முட்டை இட்டிருந்தாள். கட்டைவிரல் அளவுதான் இருப்பாள், வாய் மட்டும் ஊருக்கே போதும்.

"அக்கா, நீங்க ஒரு அடி வச்சா என் முட்டை மூணும் ஒண்ணோட ஒண்ணு மோதுது. அதுக்குப் பயந்தே இத்தனை பஞ்சு வச்சிருக்கேன். கொஞ்சம் மெதுவா நடந்தா என்ன?"

"எனக்கு மட்டும் இப்படி நடக்க ஆசையா தங்கச்சி? ஒவ்வொரு அடிக்கும் உயிர் போயிட்டு வருது."

தையல்சிட்டு அதற்குப் பிறகு சண்டை போடவில்லை. கீழே பறந்து வந்து, சேற்றில் பதிந்திருந்த தடங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு தடத்துக்குள்ளேயே இறங்கி நடந்தாள். விரல் பக்கம் லேசாகத்தான் பதிந்திருந்தது. குதிகால் பக்கம் அவள் தலை மறையும் ஆழம்.

"பாரம் பூரா பின்னாடி இறங்குது அக்கா. அதுக்கு அடியில கல்லைக் கொண்டாந்து வச்சா எப்படிச் சரியாகும்? வலிக்கிற இடம் ஒரு நாவப்பழம் அளவுதான். அங்க மெத்துன்னு ஏதாவது வேணும். பின்னாடி தடிமனா, விரல் பக்கம் வரவர மெல்லிசா."

"மெத்துன்னு இருக்கறதுக்கு இந்த வெயில்ல எங்க போறது?"

இலவங்காய் வெடித்துப் பஞ்செல்லாம் காற்றோடு போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. காட்டில் மிச்சமிருந்த பஞ்சு ஒரே இடத்தில்தான் இருந்தது. தையல்சிட்டு தன் கூட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் மெத்தை முட்டைக்கு அடியில இருந்தா என்ன, உங்க காலுக்கு அடியில இருந்தா என்ன? நீங்க அதிராம நடந்தா எனக்கு மெத்தையே வேண்டாமே" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது உண்மை. வேலை பலிக்காவிட்டால், வெறும் இலையில் கிடக்கும் முட்டைகள் மாரக்காளின் முதல் அடியிலேயே நொறுங்கிவிடும்.

மறுநாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. சிலந்தி நூலும் பஞ்சும் எடுத்துக்கொண்டு தையல்சிட்டு வந்தாள். மாரக்காள் முன்னங்காலைத் தூக்கினாள். சிட்டு அதற்கு அடியில் போய் நின்றாள்.

"வலிச்சா சொல்லுங்க. காலை மட்டும் கீழ வச்சிராதீங்க."

"நீ அங்க இருக்கற வரைக்கும் வைக்க மாட்டேன்."

குதிகாலில் தோல் வெடித்திருந்த பிளவு வழியாகச் சிட்டின் அலகு உள்ளே போனது. பஞ்சைத் திணித்து, சரிவாகத் தட்டி, வெடிப்பின் இரண்டு உதட்டையும் சேர்த்துத் தைத்தாள். ஒரு காலைத் தூக்கினால் மற்ற மூன்றிலும் பாரம் ஏறும். மாரக்காளின் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் இறங்கியது. உடம்பு நடுங்கியது, தூக்கிய கால் நடுங்கவில்லை. உச்சி வெயில் வரை நான்கு கால்களும் ஒவ்வொன்றாக அப்படியே தூக்கியபடி நின்றன. இந்த இரண்டு பேரில் யாருக்குத் துணிச்சல் அதிகம் என்று என்னைக் கேட்டால், இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை. நினைத்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பிறகு தையல்சிட்டு கூட்டில் போய் உட்கார்ந்து, முட்டைகளைச் சிறகால் மூடிக்கொண்டாள். "இப்ப நடங்க அக்கா."

மாரக்காள் ஓர் அடி வைத்தாள். சத்தம் இல்லை. இன்னோர் அடி. செடியைத் தாண்டியபோது இலைகூட ஆடவில்லை. தான் நடக்கிறோமா என்று அவளே ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டாள். மற்றவர்கள் செடியை விட்டு வெகுதூரம் விலகிச் சுற்றி வர, கூட்டம் அன்றைக்கே ஆற்றுக்குக் கிளம்பியது. முட்டை மூன்றும் பொரிந்தன.

மாரக்காள் வம்சத்தில் பிறந்த குட்டிகள் எல்லாம் அந்த மெத்தையோடுதான் பிறந்தன. அன்று முதல்தான் அவ்வளவு பெரிய யானை நம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலும் நமக்குத் தெரிவதில்லை. நிற்கும்போது அது ஒரு காலை லேசாகத் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே தங்கச்சி இன்னும் தைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்றுதான்.